லீவர் ரைஃபிளுக்கு ஈயக்குண்டு வார்க்கலாம் வாங்க: முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் பண்ணை வைத்திருப்பவர்களிடம் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பொரிந்து தள்ளிவிடுவார்கள். ஒரே இரவில் சோள வயலைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அவற்றை விரட்ட அங்கே பலரும் கையில் எடுப்பது .30-30 லீவர் ரைஃபிள். 1895-ல் சந்தைக்கு வந்த .30-30 தோட்டா இன்றும் வேலைக்கு உதவுகிறது. அதற்கான குண்டை நாமே ஈயத்தில் வார்த்து, தோட்டாவாகக் கட்டும் வழியைப் பார்ப்போம்.

முதலில் சட்டம்

சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்ட அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தனி உரிமம் தேவையில்லை. விற்பதற்கு உரிமம் வேண்டும். மாநிலச் சட்டங்கள் வேறுபடும்: கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. இந்தியாவில் உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கே இதில் இறங்கவே வேண்டாம்.

என்னென்ன வேண்டும்?

வார்ப்புக்கு மின்சார ஈய உலை, அச்சு, அளவு திருத்தும் டை, மைக்ரோமீட்டர். கட்டுவதற்கு ஒற்றை நிலை பிரஸ், .30-30 டை செட், தராசு. அச்சு வாங்கும்போது மூக்கு தட்டையான, 170 கிரெயின் எடையுள்ள குண்டுக்கானதாகக் கேட்டு வாங்குவோம். லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால், அது முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை இடித்து, குழாய்க்குள்ளேயே வெடிக்க வைத்துவிடலாம்.

எவ்வளவு ஆகும்?

கருவிச் செலவு ஒரு தடவைதான். ஆனால் சில நூறு டாலர் ஒதுக்கத்தான் வேண்டும். அதன்பின் கணக்கு எளிது: ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். ஆக, ஒரு பவுண்டு ஈயத்தில் 170 கிரெயின் குண்டு 41 கிடைக்கும். வெடிமருந்துக்கும் இதே வகுத்தல்தான். பித்தளைக் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் மிச்சம் அங்கேதான். மாதம் பத்துத் தோட்டா மட்டும் சுடுபவருக்கு இந்த முதலீடு கட்டுப்படியாகாது. கடையில் வாங்குவதே மேல்.

வார்ப்பது எப்படி?

பழைய கார் சக்கர எடைகள் நல்ல மூலப்பொருள். ஈயத்தோடு கொஞ்சம் ஆண்டிமனியும் அதில் உண்டு. ஆனால் இப்போது துத்தநாக எடைகளும் கலந்து வருகின்றன. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-ல். சூட்டை 370 அளவில் வைத்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம்.

அச்சு சூடேறும்வரை வரும் குண்டுகள் சுருக்கம் விழுந்திருக்கும். கவலை வேண்டாம், திரும்ப உலையிலேயே போடுவோம். பளபளப்பு போய்ப் பனி படர்ந்தாற்போல வந்தால் சூடு அதிகம். குண்டின் அடிப்பாகம் விளிம்பு கூராக, முழுசாக இருக்க வேண்டும். அடியில் சிறு குறை இருந்தாலும் குறி தவறும். மூக்கில் ஒரு சின்ன வடு இருந்தால் பரவாயில்லை.

அளவே உயிர்

ஈயம் கடினமாக இருந்தால் போதும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். என் அனுபவத்தில் கடினத்தைவிட அளவே முக்கியம். தோட்டா இல்லாத ரைஃபிளின் குழலில் எண்ணெய் தடவி, மென்மையான ஈயத்துண்டு ஒன்றைத் தட்டி உள்ளே செலுத்தி வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் அளப்போம். .308 அங்குலம் வந்தால் குண்டு .309 அல்லது .310 இருக்கட்டும். பிறகு அடியில் ‘கேஸ் செக்’ எனும் சிறு செம்புக் கிண்ணத்தைப் பொருத்தி, தேன்மெழுகு கலந்த மசகு பூசினால் குண்டு தயார்.

கட்டும் வரிசை

கூட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்போம். மசகு தடவி டையில் செலுத்தினால் பழைய பிரைமர் கழன்று, கூடு பழைய அளவுக்கு வரும். நீளம் 2.039 அங்குலத்தைத் தாண்டினால் 2.029-க்கு வெட்டுவோம். புதுப் பிரைமர் வைத்து, வாயை லேசாக விரிப்போம். விரிக்காவிட்டால் பித்தளை விளிம்பு ஈயத்தைச் சீவிவிடும்.

அடுத்தது மருந்து. அளவை அச்சிட்ட கையேட்டில் இருந்து மட்டுமே எடுப்போம், அதுவும் அதில் உள்ள குறைந்தபட்ச அளவில் தொடங்குவோம். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன அளவு வேண்டாம். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். ஈயக்குண்டுக்குப் பெரும்பாலும் மருந்து குறைவாகத்தான் தேவைப்படும். அதனால் தவறி இரண்டு முறை ஊற்றினாலும் கூடு வழியாமல் ஏமாற்றும். எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே குண்டைச் செருகுவோம். செருகியதும் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக்குவோம். இல்லையேல் மேகசினில் உதை வாங்கிக் குண்டு உள்ளே போய்விடும்.

எச்சரிக்கை

உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால் நீராவியாக வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும். ஈரமான துண்டைப் போடவே கூடாது. கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். காற்றோட்டமான கொட்டகையில் வார்ப்போம். அங்கே தின்பதும் குடிப்பதும் வேண்டாம், குழந்தைகளையும் விட வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, உடையைத் தனியாகத் துவைப்போம். மருந்தும் பிரைமரும் உலை இருக்கும் இடத்துக்கே வரக் கூடாது.

முதல் சோதனை

முதலில் கொஞ்சம் மட்டும் கட்டி, சுடுதளத்தில் 50 கஜத்தில் பார்ப்போம். சுட்டதும் ரைஃபிளை வெறுமையாக்கிக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க, சாம்பல் நிறக் கோடுகள் தெரிந்தால் ஈயம் ஒட்டுகிறது. மருந்தைக் கூட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கி, குண்டின் அளவை மறுபடி அளப்போம்.