பயிற்சி கொடுப்பதற்கும் படிப்பு வேண்டும்

 

சென்ற கல்வியாண்டில் நமது அறக்கட்டளையின் கல்வி உதவிக்கு வந்த மனுக்களில் ஒன்று மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருந்தது. பிளஸ் டூ முடித்த ஒரு மாணவர் உடற்கல்வி, விளையாட்டுப் பயிற்சிப் பட்டப் படிப்பில் சேர உதவி கேட்டிருந்தார். நர்ஸிங், பி.காம்., பாலிடெக்னிக் மனுக்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசி முடிவு செய்த நாங்கள், இதை மட்டும் இரண்டே நிமிடத்தில் ஒதுக்கி வைத்தோம். "விளையாடுவதற்கு ஒரு படிப்பா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தோம்.

காரணம் கேட்டு வந்த அந்த மாணவர் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நம்ம ஊர்ப் பிள்ளைங்களை ஓட வைக்கிறவங்க எங்கே படிச்சவங்க?" எங்களிடம் பதில் இல்லை. அந்த மாணவர் ஓராண்டாகத் தஞ்சாவூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். இந்த ஆண்டு மீண்டும் மனு கொடுத்திருக்கிறார். அவர் இழந்த ஓராண்டுக்கு நாங்கள் பொறுப்பாளிகள். அதனால்தான் இந்த மாதப் பாடத்தை இந்தப் பொருளில் எழுதுகிறோம்.

மதீனாவில் இரண்டு தூரங்கள்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அது புகாரியில் பதிவாகியுள்ளது. அந்தப் பந்தயத்தில் அவர்களும் கலந்துகொண்டார்கள். மதரஸாவில் ஓதும்போது நாம் இதைக் கடந்து போயிருப்போம். இப்போது சற்று நின்று பார்ப்போம்.

அன்று எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே தூரம் வைக்கப்படவில்லை. முறையாகப் பயிற்சி பெற்று மெலிய வைக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அறிவிப்பாளர் ஒருவரின் கணக்குப்படி அது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி பெறாத குதிரைகளோ ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓடின. அது ஒரு மைல். குதிரையை மெலிய வைப்பது அரபிகளிடம் ஒரு தனிக் கலையாக இருந்தது. முதலில் நன்றாகத் தீனி கொடுப்பார்கள். பிறகு படிப்படியாகத் தீனியைக் குறைத்து, துணி போர்த்தி வியர்க்க வைத்து, உடலை இறுக்குவார்கள். இதற்கு நாட்கள் பிடிக்கும்.

இன்றைய விளையாட்டு அறிவியல் முழுவதையும் இந்தச் செய்திக்குள் தேடுவது நமது நோக்கமல்ல. இதிலுள்ள நீதி எளியது. தயாரானதற்கு ஒரு தூரம், தயாராகாததற்கு வேறொரு தூரம். வாயில்லா ஜீவனுக்கே இந்தக் கணக்கு பார்க்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு நாம் பார்க்கிறோமா?

நம் ஊரில் நடப்பது

ஏலாக்குறிச்சி வட்டாரத்தில் கொள்ளிடக் கரைக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் வாலிபர்கள் எல்லாச் சமுதாயத்திலிருந்தும் வந்து ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, எழுத்துத் தேர்வு முடிவு வந்த பிறகு தினமும் முழு வேகத்தில் ஓடத் தொடங்குகிறார்கள். மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வருகிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடினால், சிலருக்கு அது எலும்பில் விரிசலாகவே முடிகிறது.

இதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை. மூச்சும் இதயமும் பயிற்சிக்குச் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் அதைவிட அதிக காலம் வேண்டும். ஓடுபவருக்கு "இன்னும் முடியும்" என்று தோன்றும்போது அவருடைய எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. மணலில் ஓடினால் கால் நல்ல பலம் பெறும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் பழகாத கால் திடீரென மென்மணலில் வேகமாக ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் இழுத்துக்கொள்ளும். இதையெல்லாம் முன்கூட்டி அறிந்து, எந்த நாள் எவ்வளவு, எந்த நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுப்பவரே பயிற்சியாளர். விசில் ஊதுபவரெல்லாம் பயிற்சியாளர் ஆகிவிட மாட்டார்.

அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்?

உடற்கூறு, உடலியங்கியல், உடல் அசைவின் விசைகளை ஆராயும் உயிர் இயக்கவியல், விளையாட்டு உளவியல், உணவியல், முதலுதவி, திறனை அளந்து பார்க்கும் முறைகள், பயிற்சித் திட்டம் வகுத்தல் ஆகியவை இதில் பாடங்கள். மைதானத்தில் செய்முறையும் உண்டு. இவற்றால் ஒரு குடும்பத்துக்கு என்ன பயன் என்பதற்கு நான்கு உதாரணங்கள் சொல்கிறோம்.

ஒன்று, வளரும் பிள்ளை. சிறுவர்களின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்பு இருக்கிறது. அது பெரியவர்களின் எலும்பைப் போல உறுதியானதல்ல. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தினமும் நூறு பந்து வீச வைப்பது அந்த இடத்தைக் கெடுக்கும். படித்த பயிற்சியாளர் பந்துகளை எண்ணுவார்.

இரண்டு, வெயில். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை பயிற்சியைக் குறைத்தே கொடுக்க வேண்டும். ஓடும் பிள்ளை திடீரெனப் பிதற்றினாலோ, தள்ளாடி விழுந்தாலோ அது வெப்ப வாதமாக இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

மூன்று, நோன்பு. ரமலானில் பயிற்சியை முற்றிலும் நிறுத்திவிடுவோரும் உண்டு, வழக்கம்போல உச்சி வெயிலில் ஓடுவோரும் உண்டு. இரண்டுமே தேவையில்லை. கடினமான பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மஃரிபுக்குச் சற்று முன் இலேசான பயிற்சி மட்டும் செய்யலாம். தூக்கம் குறைவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நோன்பின் அருமை தெரிந்த ஒருவர் இந்தக் கல்வியையும் கற்றிருந்தால், இபாதத்துக்கும் விளையாட்டுக்கும் இடையே பிள்ளை திண்டாட வேண்டியதில்லை.

நான்கு, சுளுக்கு. கணுக்கால் பிசகியதும் எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விடுவது நம் வழக்கம். புதிதாக வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்த்தால் உள்ளே கசிவு அதிகமாகும். ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமில்லாத அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவையே முதல் நாள் வைத்தியம். ஊன்றி நான்கு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ரஹீம் சாஹிபும் நம்பியாரும்

"இதில் பெயர் வாங்கிய நம்மவர் யாராவது உண்டா?" என்று கேட்போருக்கு ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் அவர்களைச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். 1950 முதல் 1963 வரை இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நம் அணி யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அவர் மனம் தளரவில்லை. வெளிநாட்டு அணிகளின் ஆட்ட முறைகளைக் கற்று, நம் வீரர்களுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லிக் கொடுத்தார். நான்கே ஆண்டில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அந்த அணி நான்காம் இடம் பெற்றது. 1951 டெல்லியிலும் 1962 ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கம் அவருடைய பயிற்சியில் கிடைத்ததே. புற்றுநோயோடு ஜகார்த்தா சென்று அணியை வெற்றி பெறச் செய்த அவர், மறு ஆண்டு ஜூனில் வஃபாத்தானார்.

கேரளத்தின் ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்தவர். பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். பி.டி. உஷா என்ற கிராமத்துச் சிறுமியை ஓட்டக்காரராக வளர்த்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில். மறு ஆண்டு அரசு துரோணாச்சார்யா விருதைத் தொடங்கியபோது முதலில் பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர்.

நம் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம், 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடினார். அவர் பெயர் நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒவ்வொரு வீரருக்குப் பின்னாலும் பெயர் தெரியாத பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

எங்கே படிக்கலாம்?

இதில் மூன்று பாதைகள் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்று என்று நினைத்து ஏமாறக் கூடாது.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் பட்டம் முடித்து, இரண்டாண்டு பி.பி.எட். படிக்க வேண்டும். கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். பிளஸ் டூ முடித்ததும் சேரும் மூன்றாண்டு உடற்கல்விப் பட்டமும் உண்டு.

குறிப்பிட்ட ஒரு விளையாட்டின் பயிற்சியாளராக விரும்புவோருக்கு, 1961இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்குத் தனி மதிப்பு உண்டு. அதற்கு அந்த விளையாட்டில் போட்டிகளில் ஆடிய சான்றிதழ் வேண்டும்.

காயத்தைத் தடுப்பதிலும் குணப்படுத்துவதிலும் ஆர்வம் உள்ளவர்கள் பிசியோதெரபி பட்டம் படித்து, பிறகு விளையாட்டுப் பிரிவில் மேற்படிப்புக்குப் போகலாம். அதற்குப் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியை 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கினார். நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. நமக்கு அருகில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறைகள் இருக்கின்றன.

சேர்க்கையில் மதிப்பெண்ணோடு உடற்திறன் தேர்வும் விளையாட்டுச் சான்றிதழ்களும் பார்க்கப்படும். ஆகவே பள்ளிப் போட்டிகளில் கிடைக்கும் சான்றிதழ்களைப் பெற்றோர் பத்திரப்படுத்தி வையுங்கள்.

வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அரசுப் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். தனியார் பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் சிறியது. பட்டத்தோடு நின்றுவிடாமல் பாட்டியாலா டிப்ளமோ, யோகா, முதலுதவி என்று ஒரு கூடுதல் தகுதியைச் சேர்த்துக்கொண்டவருக்கே வழி அகலமாகும்.

பெண் பிள்ளைகள்

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த செய்தி நாம் அறிந்ததே. முதல் முறை அன்னை வென்றார்கள், பிற்காலத்தில் நபியவர்கள் வென்றார்கள். நம் பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். "ஆண்கள்தானே சொல்லிக் கொடுக்கிறார்கள்" என்பது பெற்றோரின் தயக்கம். அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்குத் தீர்வு பெண் பயிற்சியாளர்களை உருவாக்குவதுதான். நம் வீட்டுப் பெண் ஒருவர் இதைப் படித்து வந்தால் நாற்பது பிள்ளைகளுக்கு வழி திறக்கும். தலையை மறைத்து ஆடுவதற்குக் கால்பந்தில் 2014இலும் கூடைப்பந்தில் 2017இலும் சர்வதேச விதிகளே இடம் கொடுத்துவிட்டன.

எங்கள் முடிவு

இந்த ஆண்டு முதல் உடற்கல்வி, விளையாட்டுப் பயிற்சி, பிசியோதெரபி ஆகிய படிப்புகளும் நமது கல்வி உதவிப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. சென்ற ஆண்டு ஒதுக்கப்பட்ட மனு முதலில் எடுத்துக்கொள்ளப்படும். உதவி பெறுபவர் விடுமுறை நாட்களில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, எந்தச் சமுதாயத்துப் பிள்ளையானாலும், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள மூன்று கேள்விகள்:

1. நம் பிள்ளைக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பவர் யார்? அவர் எங்கே கற்றார்?

2. பிள்ளை "வலிக்கிறது" என்று சொன்னால் நாம் ஓய்வு கொடுக்கிறோமா, அல்லது "பொறுத்துக்கொள்" என்கிறோமா?

3. நம் பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால், சிரிக்காமல் காது கொடுத்துக் கேட்போமா?

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். பிறர் வீட்டுப் பிள்ளையின் உடலைக் கையில் எடுப்பவருக்கு அந்த அமானத் இரட்டிப்பாகிறது. அதை அறிவோடு சுமக்கும் மக்களை நம் ஊரிலிருந்து வல்ல ரஹ்மான் உருவாக்கித் தருவானாக. எங்கள் தவறையும் மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்