துவரும் தேறலும்

பாலாற்றங்கரையிற் பிறந்து வளர்ந்தோர்க்குத் தோலின் மணம் புதிதன்று. புகைவண்டி ஆம்பூரை நெருங்குங்கால் அயலூரார் மூக்கைப் பொத்துவர். நம்மவரோ ஊர் வந்ததென்று மூட்டையை இறக்குவர். இத்தகைய ஊரிற் பிறந்த தமிழ் மாணாக்கர் இத்தாலி நாட்டுப் பழஞ்செம்மதுவைச் சுவைக்குமாற்றைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். எனினும் அம்மதுவின் சுவையை ஆராயப் புகுந்தோர் முதற்கண் அறிதற்குரியது துவர்ப்பு ஒன்றே. துவர்ப்பை அறிந்தவர் நம் வட்டாரத்தாரைப் போல் வேறு யாருளர்?

விடுமுறை நாளொன்றில் ஆம்பூரில் எம் நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். நண்பரின் தந்தையார் தோற்றொழிலில் முதிர்ந்தவர். வாணிகத்தின்பொருட்டு இத்தாலிக்குப் போய்வருபவர். அந்நாட்டு வணிகரொருவர் அன்பளிப்பாகத் தந்த புட்டி ஒன்று அவர் மேசைமேல் நின்றது. அது பீட்மாண்ட் நாட்டுப் பரோலோ என்னும் மது. மேலொட்டிய சீட்டிற் பொறித்திருந்த ஆண்டு 2001. யாம் பிறப்பதற்கு முந்தியது. நம் மாநிலச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதார் மது அருந்துதல் ஆகாது. ஆதலின் யாம் கண்டும் மோந்தும் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். நாவுக்குரிய பகுதியைப் பெரியவர் எமக்கு வேறு வகையாற் கற்பித்தார்.

அவர் கடுக்காயொன்றை உடைத்து, அதன் தோலிற் சிறிது எம் நாவில் இடுவித்தார். வாயின் உட்புறம் முழுதும் இழுத்துப் பிடித்தாற்போல் வறண்டது. “தம்பி, இப்போது உன் வாயைத்தான் பதனிட்டிருக்கிறேன்” என்று நகைத்தார். நகைப்பெனினும் உண்மையே. கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள துவர்ப்பொருளை மேனாட்டார் டானின் என்பர். அது பச்சைத் தோலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு அழுகாவண்ணம் உறுதியாக்குகிறது. உமிழ்நீரில் வழுவழுப்பைத் தரும் புரதங்களையும் அவ்வாறே பற்றிக்கொள்கிறது. வழுவழுப்பு நீங்கிய வாய் வறள்கிறது. பின்னர் ஒரு மிடறு பால் பருகச் செய்தார். இழுப்பு ஒருவாறு தணிந்தது. பாலின் புரதத்தை அத்துவர் பற்றிக்கொண்டது. இத்தாலியர் துவர்மிக்க மதுவை ஊனோடும் முதிர்ந்த பாற்கட்டியோடும் அருந்துவதன் காரணம் அப்பொழுது எமக்கு விளங்கிற்று.

தமிழில் விலங்கின் தோலும் தோல். பழத்தின் தோலும் தோலே. பட்டையின் துவர் ஆட்டுத்தோலுக்குட் புகுவது பதனிடுதல். திராட்சைத் தோலின் துவர் சாற்றுக்குள் இறங்குவதே செம்மது. வெண்மதுவுக்குச் சாற்றைத் தோலினின்று பிரித்தபின் புளிக்கவைப்பர். செம்மதுவுக்குத் தோலோடு சேர்த்தே புளிக்கவைப்பர். நிறமும் துவரும் அத்தோலிலிருந்தே பெரிதும் வருவன. நம் மொழியில் துவர் என்னும் சொல்லுக்குத் துவர்ப்புச் சுவை என்பதும் பொருள், செந்நிறம் என்பதும் பொருள். துறவியர் உடுத்த காவியாடையைத் துவராடை என்பர். செம்மதுவை ஒருநாளுங் காணாத ஒருவர் இச்சொல்லை அதற்கென்றே வகுத்தாற்போன்ற பொருத்தம் இது.

பரோலோ மது நெப்பியோலோ என்னும் ஒரே சாதித் திராட்சையினின்று ஆவது. பனிமூட்டத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். அக்குன்றுகளில் அறுவடைக் காலத்துக் காலைகள் மூடுபனியிலேயே விடிகின்றன. அத்திராட்சைக்குத் துவர் மிகுதி, புளிப்பும் மிகுதி. பழைய முறையார் ஒரு திங்கள், சிலபோது இரு திங்கள், தோலைச் சாற்றினுள் அமிழ்த்தி வைப்பர். பின்னர் ஓக்கு மரத்தாற் செய்த மாபெரும் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்காக உறங்கவிடுவர். பரோலோ என்னும் பெயர் பூணவேண்டின் அறுவடை ஆண்டின் நவம்பர் முதல் 38 திங்களேனும் இருத்தல் வேண்டும், அதில் 18 திங்கள் மரத்துள் என்பது அந்நாட்டுச் சட்டம். ரிசர்வா எனச் சிறப்பிக்கப்படுவதற்கு 62 திங்கள். டஸ்கனி நாட்டுப் புருனெல்லோவும் அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்திற்கு முன் கடைக்கு வருதல் கூடாது. ஆயினும் சட்டத்தின் எல்லை தொடக்கமே. நல்ல மது புட்டியுள்ளும் இருபது முப்பதாண்டு முதிர்கிறது. துவர்ப்பொருள்கள் தம்முள்ளும் நிறப்பொருளோடும் மெல்ல மெல்ல இணைகின்றன. ஒரு பகுதி மண்டியாய் அடியிற் படிகிறது. இளமையில் வாயைச் சுளிக்கவைத்த மது முதுமையில் மெத்தென்றாகிறது.

இதில் அவர்களுள்ளும் ஒரு பூசல் மூண்டது. 1980-களில் இளைய தலைமுறையார் சிலர், இத்துணைக் காலம் காத்திருப்பது வீண் என்றும், தோலைச் சில நாளிலேயே நீக்கி 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சுப் பீப்பாய்களில் இடுவதே போதும் என்றும் துணிந்தனர். எலியோ அல்தாரே என்பவர் தம் தந்தையின் பழம்பீப்பாய்களை இயந்திர வாளால் அறுத்தெறிந்தார். தந்தையோ மகனுக்குத் தம் சொத்தை மறுத்தார். மறுபுறம் பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்னும் முதியவர், 2005-இல் இறக்குமளவும் பழைய முறையை விடாமற் காத்தார்.

பெரியவர் இக்கதையைச் சொல்லுங்கால் அவர் குரல் மாறியது. பட்டைக்குழியில் வாரக்கணக்கில் ஊறிய தோலைச் சில நாளில் முடிக்கும் குரோமிய முறை நம் ஊர்களிலும் வந்தது. தந்தை பட்டையையும் மகன் குரோமியத்தையும் பற்றி நின்ற இல்லங்களை அவர் அறிவார். புதுமையை முற்றும் பழித்தல் எம் கருத்தன்று. குரோமியத்தோல் மெல்லியது, நீரையும் வெப்பத்தையும் தாங்குவது. பட்டைக்குழியும் மணங்கமழ்ந்த பொய்கையன்று. பாலாற்றின் கேட்டைப் பற்றி 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்ததையும் மறத்தற்கில்லை. பரோலோவிலும் புதியோர் உலகின் கண்ணை அவ்வூர்மேல் திருப்பினர்; இன்று பலர் இடைவழியில் நடக்கின்றனர். எனினும் காலமே செய்யத்தக்க வேலையை வேறொன்றாற் செய்வித்தல் அரிதென்றே எமக்குத் தோன்றுகிறது.

இனி அன்று கண்டது. புட்டியை ஒருநாள் முழுதும் நிமிர்த்தி வைத்திருந்தமையால் மண்டி அடியிற் படிந்திருந்தது. ஆம்பூர் வெயில் இத்தகைய மதுவுக்குக் கூற்றம். ஆதலின் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்து, சிறிது முன்னரே வெளியே எடுத்திருந்தார். மெழுகுவர்த்தி ஒளியில் புட்டியின் கழுத்தை நோக்கியவாறே வேறொரு கலத்திற்கு மெல்லச் சாய்த்து, மண்டி தலைகாட்டியவுடன் நிறுத்தினார். கண்ணாடிக் கிண்ணத்தில் நடுவே மாணிக்கச் செம்மை; விளிம்பிலோ செங்கற்பொடி நிறம், காவி. துவராடை எம் நினைவுக்கு வந்தது அப்பொழுதுதான். கிண்ணத்தைச் சுழற்றி எம்பால் நீட்டினார். முதலில் உலர்ந்த ரோசாவிதழ், பின்னர்க் கீல், அதன்பின் நனைந்த சருகு. நான்காவதாக ஒன்று இருந்தது. அதன் பெயர் எமக்கு வாய்க்கு வரவில்லை. “நம்ம பழைய பட்டைக் கிடங்கு, தம்பி” என்றார் அவர். மேனாட்டுச் சுவைஞரும் முதிர்ந்த நெப்பியோலோவில் தோல்மணம் கமழ்வதாக எழுதுவதுண்டு.

அன்றிரவு எம் மனத்தைப் பற்றியது வேறொன்று. இவற்றைச் சொல்லத் தமிழிற் சொல்லுண்டா என்னும் ஐயம். பாடமாகப் படித்தவற்றைப் புரட்டினோம். தேறல் என்பதே தேறியது, தெளிந்தது என்னும் பொருட்டு. மெழுகுவர்த்தியின் முன் அவர் செய்த செயலுக்கு அதனினும் நல்ல பெயர் இல்லை. புறநானூற்றில் நக்கீரனார், யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட நன்மாறன் மகிழ்ந்திருக்குமாறு பாடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் அகழ்ந்தபொழுது இருபிடி மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அங்குக் கிடைத்தவற்றுள் சில இத்தாலியின் கம்பானியா நாட்டு மண்ணால் ஆனவை எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டனர். கபிலர் நிலத்திற் புதைத்து முதிர்வித்த மதுவைக் கூறுகிறார். அவ்வையாரோ பலநாள் இருந்த தேறலின் கடுப்பைத் தேளின் கடுப்போடு ஒப்பிடுகிறார். ஏசாயா தீர்க்கதரிசி கண்ட பெருவிருந்திலும் பழமையும் தெளிவும் உடைய திராட்சரசமே பரிமாறப்படுகிறது. பழமைக்கும் தெளிவுக்கும் கடுப்புக்கும் நூல்கள் சொல் தந்தன. துவர் முதிர்ந்து மெத்தென்றாவதற்கு மட்டும் யாம் தேடிய இடத்தில் ஒரு சொல்லும் அகப்படவில்லை.

மறுநாட் காலை பெரியவரை வினவினோம். முதல்நாள் அவர் அருந்தியது அரைக்கிண்ணமே. “துவர் போய்விட்டதா, ஐயா?” என்றோம். “போகவில்லை, தம்பி; அடங்கியிருக்கிறது. நன்றாய் ஊறிய தோலை மடித்தால் முறுக்காமல் மடியுமே, அதுபோல” என்றார். அடங்கிய துவர் என்று எம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

புட்டியின் அடியில் எஞ்சிய மண்டியை நண்பர் வெட்டுத்தோற் துண்டொன்றின்மேற் கவிழ்த்து வெயிலில் வைத்தார். மாலையிற் கழுவிப் பார்த்தோம், கறை போகவில்லை.