தன் டார்பிடோவாலேயே மூழ்கிய 'டாங்'

கேள்வி: ஒரு நீர்மூழ்கிக் கப்பல், தான் ஏவிய டார்பிடோவாலேயே மூழ்கியது உண்டா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் 'டாங்'. 1944-இல் ஐந்தே ரோந்துகள். மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் 33 என்பது பிற்காலக் கணக்கு. கேப்டன் ரிச்சர்ட் ஓ'கேன் இரவில் நீர்ப்பரப்புக்கு வந்து, கப்பல் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து தாக்குவார். ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவது ரோந்துதான்: ட்ரக் தீவருகே கடலில் விழுந்த 22 விமான வீரர்களை மீட்டார்கள்.

அக்டோபர் 25 அதிகாலை, தைவான் நீரிணை. கைவசம் இருந்த கடைசி டார்பிடோவை ஏவினார்கள். அது இடப்பக்கம் திரும்பி, வட்டமடித்து வந்து, டாங்கின் பின்பகுதியிலேயே மோதியது. மேலே நின்றவர்கள் கடலில் வீசப்பட்டனர். கப்பல் சுமார் 55 மீட்டர் ஆழத்தில் தரைதட்டியது. முன்னறையில் சிக்கியவர்களில் சிலர் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய சிறு அறை வழியாக ஒவ்வொருவராக மேலே வந்தனர்.

87 பேரில் பிழைத்தது ஒன்பதே பேர். அவர்களைப் பிடித்த ஜப்பானியக் கப்பலில், டாங் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து தீக்காயங்களோடு தப்பியவர்களும் இருந்தார்கள். அடி விழுந்தது. அடிப்பவர்கள் யாரென்று தெரிந்ததும் அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது என்று ஓ'கேன் பின்னாளில் சொன்னார். ஒன்பது பேரும் போர் முடிந்து நாடு திரும்பினர்.