நெட்டை இல்லையென்றால் குட்டையா?

கேள்வி: தரம் ஐந்துக்கு எதிர்க்கருத்துச் சொற்கள் படிப்பிக்கிறேன். "ஒற்றை எண் இல்லையென்றால் இரட்டை எண். அப்படியென்றால் நெட்டை இல்லாதவர் எல்லாரும் குட்டையா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரு சோடிக்குச் சரிவருவது மற்றதற்கு ஏன் சரிவருவதில்லை?
– ஓர் ஆசிரியை, பலாபத்வல

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, உங்கள் மாணவி நின்ற இடத்தில் அரிஸ்டாட்டிலும் நின்று யோசித்திருக்கிறார்.

எதிர்ச்சொற்கள் எல்லாம் ஒரே வகை, ஒன்றை மறுத்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறோம். அது சரியல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எதிர்மையை நான்காகப் பிரித்தார்: இருமடங்கு–பாதி போல ஒன்றையொன்று சார்ந்தவை, நன்மை–தீமை போன்ற முரண்கள், பார்வை–பார்வையிழப்பு போல உடைமையும் இழப்பும், 'அமர்ந்திருக்கிறான்–அமர்ந்திருக்கவில்லை' போல உடன்பாடும் மறுப்பும்.

உங்களுக்கான விடை இரண்டாவதில் இருக்கிறது. முரண்களும் இரு விதம் என்றார் அவர். முழு எண் ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருந்தே ஆகவேண்டும், நடுவே இடமில்லை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலோ சாம்பல் முதலிய நிறங்கள் உண்டு.

இப்படி நடுவே இடம் வருவதன் காரணத்தை, 1944இல் வெளியான கட்டுரையில் மொழியியலாளர் எட்வர்ட் சபீர் விளக்கினார். 'பெரிய', 'சிறிய' போன்ற சொற்களுக்குள் வெளியே சொல்லாத ஓர் ஒப்பீடு இருக்கிறது. அதனால்தான் பெரிய எலியும் சிறிய யானையைவிடச் சிறியது. கூட்டியும் குறைத்தும் சொல்லத்தக்க இவை படிநிலை எதிர்ச்சொற்கள். ஒற்றை–இரட்டை போல, இருப்பதை மிச்சமின்றி இரண்டாகப் பங்கிடுபவை நிரப்பு எதிர்ச்சொற்கள். வகுப்பில் 'மிக' சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 'மிக நெட்டை' பொருந்தும், 'மிக ஒற்றை எண்' பொருந்தாது.

சோடியே பொருந்தாத இடமும் உண்டு. கல்லுக்குப் பார்வை இல்லை. ஆனாலும் அது பார்வையை இழந்தது என்பதில்லை. இயல்பாகப் பார்வை அமையக்கூடியதே அதை இழக்கமுடியும் என்றார் அரிஸ்டாட்டில். உங்கள் ஊருக்கு அருகே அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த மறைநூலான திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அதிலும் இதை ஒத்த சிந்தனை உண்டு: அணைந்த நெருப்பு கிழக்கே போனதா, மேற்கே போனதா என்ற கேள்வியே பொருந்தாது என்பதை வச்சகோத்தர் என்னும் துறவிக்குப் புத்தர் உணர்த்துகிறார்.

ஆகவே எதிர்ச்சொல்லை மனனம் செய்யுமுன் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இந்தச் சோடி இங்கே பொருந்துமா? பொருந்தினால், நடுவே இடம் உண்டா?