பங்கு வாங்குமுன் முகப்பைத் தாண்டுங்கள்

பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகளுக்குக் கீழே, கல்லாற்றங்கரைத் தேநீர்க்கடையொன்றில், நண்பர் தாம் பங்கு வாங்க உத்தேசித்திருந்த கம்பெனியின் இணையதளத்தைக் கைப்பேசியில் காட்டி, முகப்பிலிருந்த விருதுகளைச் சிலாகித்தபோது, எனக்குச் சத்யம் கம்பெனியின் ஞாபகமே வந்தது. 2008-இல் நிர்வாக நேர்மைக்கென்று ‘கோல்டன் பீகாக்’ விருது பெற்ற அந்த ஸ்தாபனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7-ஆம் தேதி, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினாரல்லவா?

ஆகையால் நேரே முதலீட்டாளர் பகுதிக்குப் போங்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, பட்டியலிடப்பட்ட கம்பெனி ஆண்டறிக்கை, பங்குடைமை விவரம் முதலியவற்றை அங்கே வைத்தாக வேண்டும். தலைவரின் உரையைப் பிற்பாடு படிக்கலாம். அது எந்த வருஷமும் நன்றாகத்தான் இருக்கும். காட்டிய லாபத்துக்கு ஏற்பத் தொழிலிலிருந்து ரொக்கம் வந்ததா, கம்பெனியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர்கள் அடகு வைத்த பங்குகள் பெருகுகின்றனவா, தணிக்கையாளர் ஏதேனும் ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா என்பவற்றை மூன்று வருஷத்துக்காவது ஒப்பிடுங்கள். சத்யத்தில் தணிக்கையும் காப்பாற்றவில்லையாதலால், பங்குச்சந்தைத் தளத்தில் தாக்கலானவற்றோடும் சரிபார்ப்பது உசிதம்.

நண்பர் காட்டிய கம்பெனியின் தளத்தில் அன்று கிடைத்த கடைசி ஆண்டறிக்கை மூன்று வருஷம் பழையது. தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தோம்.