இருவகை மோட்டார் வண்டிகள்

நாஞ்சில் நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி வந்து தாழ்கின்றது. நாகர்கோவிலினின்று ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் திருநெல்வேலிச் சமவெளி. தக்கலை, மார்த்தாண்டம் வழியே ஏறியும் இறங்கியும் சென்றால் திருவனந்தபுரம். 1956-ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்குப் பின் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள், வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசிடர் என்னும் வண்டி உருவாகத் தொடங்கியது. இச்சாலைகளில் நெடுங்காலம் ஓடியது அவ்வண்டியே.

அம்பாசிடர் இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவியது. அதில் நெடுநாள் அமைந்திருந்த எஞ்சின் நான்கு உருளைகளும் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. எஞ்சின் முன்புறத்தே இருப்பினும், அதன் ஆற்றல் நீண்ட தண்டொன்றின் வழியாகப் பின்சக்கரங்களையே சென்றடையும். இருக்கைகள் அகன்றவை. ஐவருக்குரிய அவ்வண்டியில் எண்மர் ஏறிச் சென்றதனைப் பெருமையாகக் கூறுவாரும் உளர். அது போற்றத்தக்க வழக்கமன்று.

1983-ஆம் ஆண்டு டிசம்பரில், ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் துணையோடு குர்கானில் செய்யப்பட்ட மாருதி 800 வெளிவந்தது. அதன் எஞ்சினுக்கு உருளைகள் மூன்றே. கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களையே இயங்கச் செய்தமையால் நீண்ட தண்டு வேண்டாதாயிற்று. அம்பாசிடரின் எடை ஒரு டன்னுக்கு மேற்பட்டது. மாருதியோ ஏறத்தாழ 650 கிலோகிராம். இழுக்க வேண்டிய சுமை குறையவே, பெட்ரோற் செலவும் குறைந்தது.

ஆயின் மேடேறும்போது நிகழ்வது வேறு. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாயும். பின்னிருக்கை நிறைந்த அம்பாசிடரில் அப்பாரம் இயங்கும் சக்கரங்களின்மேல் விழுதலால், மழையில் நனைந்த மண்சாலையிலும் அவை நிலத்தை இறுகப் பற்றும். மாருதியிலோ இயங்கும் முன்சக்கரங்கள் பாரங் குறைந்து, சில வேளைகளில் வழுக்கிச் சுழலும். சமவெளியில் நலமாயிருந்த அமைப்பே மலைச்சரிவில் குறையாகின்றது.

பழுது பார்ப்பதிலும் வேறுபாடு உண்டு. அம்பாசிடரின் எஞ்சினைச் சுற்றிக் கை நுழையப் போதிய இடம் இருந்தது. ஓசையைக் கேட்டே குறையை உணரும் தொழிலாளர் சிற்றூர்களிலும் இருந்தனர். பிற்காலத்து மாருதியில் கார்புரேட்டருக்கு மாற்றாக, மின்னணுக் கருவியே பெட்ரோலை அளந்து செலுத்தியது. புகை குறைந்தது, எனினும் செவியை மட்டும் நம்பியிருந்த தொழிலாளர் புதிய கருவிகளைக் கற்க வேண்டியவராயினர்.

கனத்த தகடு உயிரைக் காக்கும் என்று எண்ணி அம்பாசிடரை விரும்பினோர் பலர். அவ்வெண்ணம் முழுதும் பொருந்தாது. இக்காலத்து வண்டியின் முன்பகுதி மோதலின்போது நசுங்குமாறே அமைக்கப்படுகின்றது. அங்ஙனம் நசுங்குகையில் மோதலின் விசையிற் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்கின்றது. ஓட்டுநருக்குரிய காற்றுப்பையை 2019-ஆம் ஆண்டில் இந்தியச் சட்டம் கட்டாயமாக்கிற்று. அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் அதற்கு முன்னரே, 2014-ஆம் ஆண்டில், நின்றுவிட்டது.