பால்மரம் இலை உதிர்க்கும் மாதம்

கேள்வி: மலேசியாவில் ஏது குளிர்காலம்? ஆனால், கோலா பிலா தோட்டத்தில் வளர்ந்த அம்மா, பொங்கல் கழிந்தால் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும் என்கிறாரே?

பதில்: அம்மா சொல்வது உண்மை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறட்சி தொடங்கியதும் பால்மரம் எனும் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். தோட்டத்துத் துரைமார் இதை 'விண்டரிங்', அதாவது 'குளிர்காலம் காண்பது' என்றார்கள். கோலா பிலா, மலேசியத் தீபகற்பத்தில் மழை குறைந்த வட்டாரம். அங்கே பிப்ரவரி வாக்கில் பச்சை இலைகள் செம்பும் மஞ்சளுமாகி, நிறை (மரவரிசை) முழுக்கச் சருகு மூடிவிடும். கால் வைத்தால் நொறுங்கும். பார்க்க அழகு, ஆனால் மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) பால் குறையும், சம்பளமும் கூடவே இறங்கும். தைப்பூசக் காவடிக்குக் காசு சேர்த்ததும் இந்த நெருக்கடிக்குள்தான்.  இலை உதிர்ந்த சில வாரங்களில் மொட்டைக் கிளைகளில் செம்பழுப்புத் தளிர்கள், ஈரம் பட்டதுபோல் மினுங்கிக்கொண்டு, மும்மூன்றாய்த் தலைகீழாகத் தொங்கும்.